ஏலக்காயில் மருந்து எச்சம் அளக்கும்போது எங்கே சறுக்குகிறோம்

ஏலக்காய் ஏலம் நடக்கும் கேரளத்துப் புற்றடியிலோ தமிழ்நாட்டுப் போடியிலோ எடுத்த ஏலக்காய் ஐரோப்பாவுக்குப் போக வேண்டுமென்றால் பூச்சிமருந்து எச்சத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். தனி வரம்பு வைக்காத மருந்துகளுக்கு அங்கே பொதுவாகக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் எல்லை. இன்றைய எல்சி-எம்எஸ்எம்எஸ் கருவிகள் (சாற்றைத் திரவ ஓட்டத்தில் பிரித்து, மூலக்கூறின் நிறையை வைத்து மருந்தை அடையாளம் காண்பவை) அதற்கும் கீழே போய், நூற்றுக்கணக்கான மருந்துகளை ஒரே ஓட்டத்தில் அளந்துவிடும். அதனாலேயே கருவி சொன்னால் சரி என்று நம்பிவிடுகிறோம். ஆனால் பெரிய தவறுகள் பெரும்பாலும் காய் கருவியைத் தொடுவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

முதலில் மாதிரி எடுப்பது. ஆய்வகத்தில் பிரித்தெடுக்க எடுத்துக்கொள்வது பெரும்பாலும் 2 கிராம் தூள், 50 கிலோ மூட்டையில் 25,000-இல் ஒரு பங்கு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது, ஏனென்றால் பல தோட்டத்துக் காய், பல நாள் மருந்தடித்த காய் எல்லாம் ஒரே மூட்டையில் கலந்து கிடக்கிறது. மேலே இருப்பதை ஒரு கை அள்ளிக் கவரில் போட்டு அனுப்பாதீர்கள். பல மூட்டைகளில், மேல், நடு, அடி என்று எடுத்துக் கலந்து, அதைக் குவித்து நான்காகப் பிரித்துக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அரைக்கும்போது தோலை நீக்கிவிட்டு உள்ளிருக்கும் அரிசியை (விதையை) மட்டும் அரைப்பதும் தவறு, மருந்து முதலில் விழுவது தோலில்தானே.

அடுத்தது ஆய்வகத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது, எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான். 2003-இல் வெளிவந்த கெச்சர்ஸ் (QuEChERS) முறையில் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானும் உப்புகளும் போட்டு மருந்தைப் பிரிக்கிறோம். அது காய்கறி, பழம் போன்ற நீர்ச்சத்துள்ள பொருளை மனதில் வைத்து உருவானது. காய்ந்த ஏலக்காய்த் தூளில் தண்ணீர் விட்டு ஊற வைக்காமல் நேராக அசிட்டோநைட்ரைலை ஊற்றினால் மருந்தில் ஒரு பகுதி தூளுக்குள்ளேயே தங்கிவிடும். அப்புறம் சினியோல், டெர்பினைல் அசிட்டேட் போன்ற மணப்பொருள்கள், நிறமி, கொழுப்பு என்று காயில் உள்ளவையும் மருந்தோடு சேர்ந்தே வரும். எல்சி கருவியில் சாற்றை மின்னூட்டி நுண்துளிகளாகத் தெளிக்கும் எலக்ட்ரோஸ்ப்ரே பகுதியில், சிறு துளிகளுக்குள் மின்னூட்டத்துக்கான போட்டியில் இவை மருந்தை அமுக்கிவிட, எண் குறைந்து, சுத்தமில்லாத சரக்கு சுத்தமாகத் தெரியும். சாற்றை ஆவியாக்கிப் பிரிக்கும் ஜிசி கருவியில் பெரும்பாலும் நேரெதிர்: ஊசி செலுத்தும் இடத்துக் கண்ணாடிக் குழாயில் (லைனர்) மருந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களை இந்தப் பொருள்கள் அடைத்துக்கொள்வதால் எண் கூடித் தெரியும்.

ஆகவே வெறும் கரைப்பானில் தெரிந்த அளவு மருந்தைக் கலந்து போட்ட அளவுக்கோட்டை வைத்து ஏலக்காயை அளக்காதீர்கள், புள்ளிகள் கோட்டில் எவ்வளவு பொருந்துகின்றன என்று சொல்லும் ஆர் ஸ்கொயர் 0.999 வந்தாலும் இந்தப் பிழையை அது காட்டாது. மருந்தே அடிக்காத ஏலக்காயின் சாற்றில் கோடு போட வேண்டும். அப்படிப்பட்ட காய் கிடைக்கவில்லையென்றால், அதே மாதிரியில் தெரிந்த அளவு மருந்தைச் சேர்த்துப் பாருங்கள், அல்லது டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய அதே மருந்தைத் தெரிந்த அளவில் சேர்த்து, ஒப்பிட உள்தரமாகப் பயன்படுத்துங்கள். சாற்றை ஐந்து, பத்து மடங்கு நீர்க்க வைத்து ஓட்டினாலும் இடையூறு நன்றாகக் குறையும். புதிய கருவிகளின் கூர்மைக்கு இதைவிட நல்ல பயன் இல்லை என்பேன். சேர்த்த மருந்தில் 70 முதல் 120 சதவீதம் திரும்பக் கிடைத்தால்தான் முறையை நம்பலாம்.

பச்சைக் காயில் எடுத்த எண்ணைக் காய்ந்த காயின் வரம்போடு ஒப்பிடவே கூடாது. ஏறக்குறைய 5 கிலோ பச்சைக் காய் ஸ்டோரில் (உலர்த்தும் கூடத்தில்) காய்ந்து 1 கிலோ ஆகிறது, ஆவியாகாத மருந்து அதே அளவு அதில் இருக்கும், அதனால் கிலோவுக்கான எண் ஐந்து மடங்கு வரை கூடும்.

ரிப்போர்ட்டில் 'கண்டறியப்படவில்லை' என்றிருந்தால் பூஜ்யம் என்று படிக்காதீர்கள். அந்த ஆய்வகத்தின் அளவிடும் கீழெல்லை 0.05 என்றால், 0.01 வரம்புக்கு அந்த வரி ஒன்றுமே சொல்லவில்லை. அதேபோல 0.012 வந்துவிட்டதென்று சரக்கைக் கழித்துவிடவும் வேண்டாம். ஐரோப்பிய நடைமுறையில் எச்ச அளவீட்டுக்குப் பொதுவாக 50 சதவீதம் நிச்சயமின்மை வைக்கிறார்கள், அப்படிப் பார்த்தால் உண்மை 0.006-க்கும் 0.018-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். ஏற்றுமதி செய்பவர் இந்த நிச்சயமின்மையைத் தனக்குச் சாதகமாக எண்ணி 0.012 சரக்கை ஏற்றிவிடுவதும் ஆபத்துதான், அங்கே இறக்கி அளக்கும்போது 0.018 வரலாம்.

ஒளியைப் பாய்ச்சிப் பொருளை ஆராயும் கையடக்க ராமன், அண்மை அகச்சிவப்புக் கருவிகளும் வந்துவிட்டன. ஈரப்பதம், கலப்படம் பார்க்க அண்மை அகச்சிவப்பு நன்றாக உதவும், ஆனால் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் மருந்தை இந்தக் கருவியை நீட்டிப் பார்த்து எவராவது சொன்னால் நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.