பிரிண்டர் அடிக்கடி காணாமல் போகாதபடி வீட்டு வைஃபையை அமைப்பது எப்படி

வீட்டில் ஃபைபர் இணைப்பு, ஓரிரு லேப்டாப், எல்லார் கையிலும் போன், கூடவே ஒரு வைஃபை பிரிண்டர். யார் எந்த அறையில் உட்கார்ந்திருந்தாலும் நெட் வர வேண்டும், பிரிண்ட் கொடுத்தால் வெளியே வர வேண்டும், அவ்வளவுதான் தேவை. இதற்கு ஆள் வைத்துக் காசு கொடுக்க வேண்டியதில்லை, நீங்களே செய்துவிடலாம்.

முதலில் ரவுட்டர் இருக்கும் இடம். இணைப்பு கொடுக்க வருபவர் பெரும்பாலும் கேபிள் நுழையும் ஜன்னல் ஓரத்திலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். செங்கல் சுவரும் கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் சிக்னலை நன்றாகவே குறைக்கும் என்பதால், அவர் இருக்கும்போதே கேபிளை வீட்டின் நடுப்பகுதிக்கு இழுத்து, ஆள் உயரத்தில் மாட்டித் தரச் சொல்லிவிடுங்கள். இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ் பக்கத்தில் வேண்டாம். ஃபைபருக்குள் இருப்பது கண்ணாடி இழை, அதை மடக்காதீர்கள்.

அடுத்து, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். 192.168.1.1 அல்லது 192.168.0.1 மாதிரி ஒரு முகவரி இருக்கும். அதை பிரவுசரில் போட்டு உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக அட்மின் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள், அப்புறம் வைஃபை பெயரும் அதன் பாஸ்வேர்டும். செக்யூரிட்டியில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 (வைஃபையின் பழைய, புதிய பாதுகாப்பு முறைகள்) இரண்டும் கலந்த வகையைத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய பிரிண்டர்கள் பல உள்ளேயே வராது.

ரவுட்டர் பொதுவாக 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வைஃபை கொடுக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 வேகம் குறைவு, தூரம் போகும். வீட்டு பிரிண்டர்களில் நிறைய மாடல்களுக்கு 2.4 மட்டும்தான் தெரியும், அதனால் பிரிண்டர் உங்கள் வைஃபையைக் கண்டுபிடிக்கவில்லை என்றால் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்து 2.4-இல் சேர்த்துப் பாருங்கள். அபார்ட்மெண்ட் என்றால் அக்கம்பக்கத்து வைஃபைகளும் இருக்கும், அதனால் 2.4-இல் சேனல் (அலைவரிசைக்குள் இருக்கும் தடம்) 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றை வையுங்கள். ஒன்றோடொன்று மோதாதவை அவைதான்.

இனிதான் முக்கியமான விஷயம், பெரும்பாலானோர் இதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐபி முகவரி கொடுக்கிறது, கதவு எண் மாதிரி. ஆனால் அது நிரந்தரமில்லை. கரண்ட் போய் வந்த பிறகு பிரிண்டருக்கு வேறு எண் கிடைக்கலாம், கம்ப்யூட்டரோ பழைய எண்ணிலேயே தேடிவிட்டு 'ஆஃப்லைன்' என்று சொல்லும். பிரிண்டரில் கோளாறே இருக்காது, ஆனாலும் மக்கள் அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தீர்வு சுலபம். பிரிண்டரின் நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்சடித்தால் அதில் மேக் அட்ரஸ், அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண், இருக்கும். ரவுட்டரில் ஐபி முகவரிகளைப் பங்கிடும் டிஹெச்சிபி பகுதிக்குப் போய், 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்றோ 'ஸ்டாட்டிக் டிஹெச்சிபி' என்றோ இருப்பதில், அந்த மேக் அட்ரஸுக்கு 192.168.1.50 என்று ஓர் எண்ணை ஒதுக்கிவிடுங்கள் (உங்கள் ரவுட்டரின் முதல் மூன்று எண்கள் எதுவோ அதுவே இங்கும் வர வேண்டும்). பிரிண்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். விண்டோஸில் பிரிண்டர் சேர்க்கும்போது, தானாகத் தேடிக் காட்டுவதை விட்டுவிட்டு, டிசிபி/ஐபி முகவரி மூலம் சேர்க்கும் வழியில் இதே எண்ணைக் கொடுங்கள்.

போன்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. ஐபோன் ஏர்பிரிண்ட் என்ற அதன் பிரிண்ட் வசதி மூலமாகவும், ஆண்ட்ராய்டு அதிலேயே இருக்கும் பிரிண்ட் வசதி மூலமாகவும் பிரிண்டரைக் கண்டுபிடித்துவிடும், பிரிண்டர் அந்த வசதிக்கு ஏற்றதாகவும் போன் அதே வைஃபையிலும் இருந்தால் சரி. விருந்தாளிகளுக்குக் கெஸ்ட் நெட்வொர்க் திறந்துவிடுங்கள், ஆனால் அதில் இருப்பவர்களுக்குப் பொதுவாக உங்கள் பிரிண்டர் தெரியாது.

யுஎஸ்பி மட்டும் உள்ள பிரிண்டர் என்றால் அதை ஒரு கம்ப்யூட்டரில் செருகி ஷேர் செய்யலாம், நெட்வொர்க்கை 'பிரைவேட்' என்று மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் மற்றவர்கள் பிரிண்ட் எடுக்க முடியும்.

மாடிக்கு சிக்னல் எட்டவில்லையா? இரண்டாவது ரவுட்டரை அப்படியே செருகினால் அது தனி நெட்வொர்க் ஆகிவிடும், மாடியில் இருப்பவருக்குக் கீழே உள்ள பிரிண்டர் தேடினாலும் தெரியாமல் போகலாம். அதை 'ஆக்ஸஸ் பாயிண்ட்' முறைக்கு (தனி நெட்வொர்க் ஆகாமல் வைஃபை சிக்னல் மட்டும் கொடுக்கும் முறை) மாற்றி, கீழே உள்ள ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் இழுத்துக் கொடுங்கள். கேபிள் இழுக்கச் சோம்பல்பட்டு ரிப்பீட்டர் (வைஃபை சிக்னலை வாங்கி மறுபடி பரப்பும் கருவி) வாங்கினால் வேகம் பாதியாகக் கூடக் குறையலாம்.

எல்லாம் முடிந்ததும் ரவுட்டர், பிரிண்டர் இரண்டையும் அணைத்துவிட்டு, சில நிமிடம் கழித்துப் போட்டு, ரவுட்டருக்கு அதிக தூரத்தில் இருக்கும் அறையிலிருந்து ஒரு பக்கம் அச்சுக்குக் கொடுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் பிரிண்டரின் ஐபி நீங்கள் ஒதுக்கிய எண்தானா என்பதை முதலில் சரிபாருங்கள்.