கண்மாய் சீமையச் சுத்திப் பாக்குறது எப்படி: ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் போறவங்களுக்கு

ராமேஸ்வரம் போற வழியில ஜன்னல் வழியா பாத்துட்டு "என்னப்பா இது ஒரே கருவேலங்காடா இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிடுறவங்கதான் அதிகம். அந்தக் காட்டுக்குள்ளதான் ஆயிரக்கணக்குல கண்மாய், அதாவது மழைத்தண்ணியைக் கரை போட்டுத் தேக்குற ஏரி, இருக்கு. தமிழ்நாடு முழுக்க 39 ஆயிரத்துக்கும் மேல ஏரி, கண்மாய் இருக்குன்னு சொல்றாங்கல்ல, அதுல பெரிய பங்கு 1985 வரைக்கும் ஒரே மாவட்டமா இருந்த பழைய ராமநாதபுரம் சீமையிலதான். ஆனா இதைப் பாக்குறதுக்கு ஒரு வழி இருக்கு. ஒரு கண்மாய்க்குப் போய் கரைல நின்னு போட்டோ எடுத்துட்டு வந்தா ஒண்ணும் புரியாது, தண்ணி எங்க இருந்து வருது எங்க போகுதுன்னு பின்னாடியே போகணும், அப்பதான் விவசாயம், சண்டை, சாமி எல்லாம் ஏன் அந்தந்த இடத்துல இருக்குன்னு பிடிபடும்.

கிளம்புறதுக்கு முன்னாடி போன்ல மேப்பைத் திறந்து சாட்டிலைட் வியூவுக்கு மாத்துங்க. சாதா மேப்புல பாதி கண்மாய் தெரியாது, தெரியுறதும் எப்பவும் தண்ணி நிக்கிற மாதிரி நீலமா காட்டும், அதை நம்பாதீங்க. சாட்டிலைட்ல மானாமதுரைல இருந்து பரமக்குடி, ராமநாதபுரம் வரைக்கும் மெதுவா நகத்திப் பாத்தா பிறை பிறையா வளைஞ்ச கோடுங்க தெரியும், அதெல்லாம் கரை. வளைவு பெரும்பாலும் கிழக்குப் பக்கம் இருக்கும், மேற்குப் பக்கம் திறந்து கிடக்கும், ஏன்னா இந்த நிலம் மேற்குல இருந்து கிழக்கே கடலைப் பாத்து லேசா சரியுது, ஓடி வர்ற தண்ணியை மூணு பக்கம் மண்ணைக் கொட்டி மறிச்சா போதும், தோண்டவே வேணாம். அதனாலதான் எல்லாக் கண்மாயும் ஆழம் கம்மி அகலம் ஜாஸ்தி. ஒரு பிறைக்குக் கீழ இன்னொரு பிறை, அதுக்குக் கீழ இன்னொண்ணுன்னு போகும், அந்த வரிசைல ஏதாவது ஒண்ணைத் தேர்ந்தெடுத்து நாலஞ்சு கண்மாயைக் குறிச்சு வச்சுக்கங்க. அதுதான் உங்க ரூட்டு.

எப்ப போறதுங்கிறது நீங்க எதைப் பாக்கணும்னு நினைக்கிறீங்களோ அதைப் பொறுத்தது. இங்க வருஷத்துக்கு சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதுல பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகைல வடகிழக்குப் பருவமழையா வந்து இறங்கிடும், மிச்ச மாசமெல்லாம் அந்த ரெண்டு மாசத்துத் தண்ணியை வச்சுத்தான் ஓட்டணும், கண்மாய்னு ஒண்ணு இருக்குறதே அதுக்காகத்தான். தண்ணி தளும்புறதைப் பாக்கணும்னா மார்கழி தை. பறவைக்கும் அதே சமயம்தான். மிளகாய் காயுறது, தண்ணி வத்தின கண்மாயில ஊரே இறங்கி மீன் பிடிக்கிற அழிகண்மாய் இதெல்லாம் பாக்கணும்னா பங்குனிக்கு மேல, வெயில் மண்டையப் பிளக்கும், பரவால்லன்னா போங்க.

ஊருக்குப் போய் இறங்கினதும் நேரா கரைமேல ஏறிடுங்க. செருப்பு பழசா போட்டுக்கங்க, கருவேல முள்ளு புது செருப்பையும் துளைக்கும். கரைல நடந்தா தண்ணிக்குள்ள ஒரு ஜோடி கல்தூண் நிக்கும், மேல குறுக்கால கல்லு போட்டிருக்கும், அதான் வயலுக்குத் தண்ணி திறந்து விடுற மடை. பழைய மடையா இருந்தா குமிழித்தூம்பு வச்சிருப்பாங்க. அதை நின்னு நிதானமா பாருங்க, இந்தச் சீமையோட மூளை மொத்தமும் அங்க இருக்கு. குறுக்குக் கல்லுல ஒரு ஓட்டை, அது வழியா ஒரு கம்பு கீழ இறங்கி அடியில இருக்குற கல்தொட்டியோட ஓட்டையை அடைச்சுக்கிட்டு நிக்கும். தண்ணி வேணும்னா ஆள் நீந்திப் போய் அந்த அடைப்பைத் தூக்கணும். தொட்டிக்கு மேல் ஓட்டை நீரோடி, அது வழியா தண்ணி சுழிச்சுக்கிட்டு இறங்கும், பக்கவாட்டுல அடியில இருக்குற சின்ன ஓட்டைங்க சேறோடி, அது வழியா சேத்துத் தண்ணி உள்ள வரும், ரெண்டும் கலந்து கரைக்கு அடியில இருக்குற கால்வாய் வழியா வயலுக்குப் போயிடும். அதாவது தண்ணி பாயும்போதே கொஞ்சம் கொஞ்சமா வண்டலும் வெளியேறிடும், வயலுக்கு அது உரம். இப்ப நிறைய இடத்துல திருகு வச்ச இரும்பு ஷட்டர் போட்டுட்டாங்க, சுலபம்தான், ஆனா சேறு அங்கயே தங்கிடுது.

மடைக்கு அடுத்து கலுங்கைத் தேடுங்க. கண்மாய் நிறைஞ்சதும் மிச்சத் தண்ணி வழியுற இடம், கல்லு கட்டி தளம் போட்டிருக்கும், அதுமேல வரிசையா குத்துக்கல்லு நட்டிருக்கும். அந்தக் கல்லுக்கு நடுவுல மண்ணோ பலகையோ வச்சு அடைச்சா இன்னும் கொஞ்சம் தண்ணி தேக்கலாம். மழைக்காலம் முடியுற நேரத்துல அடைக்கிறது வழக்கம், முன்னாடியே அடைச்சா பிரச்சினை, ஏன்னா இங்க வழிஞ்சு மறுகாலா போனாத்தான் கீழ இருக்குற ஊருக்குத் தண்ணி. மேல் ஊர்க்காரன் ஒரு சாண் உசத்தினா கீழ் ஊர்க்காரனுக்கு ஒரு போகம் போச்சு. கண்மாய்ச் சண்டை எல்லாம் இந்த ஒரு சாண்லதான் ஆரம்பிக்கும், பழைய கோர்ட் கேஸ்ல இருந்து நேத்து நடந்த கைகலப்பு வரைக்கும். கலுங்குகிட்ட நின்னு ஊர்க்காரங்ககிட்ட பேச்சுக் குடுக்கும்போது "உங்க ஊருக்கும் மேலூருக்கும் தண்ணித் தகராறா"ன்னு எடுத்த எடுப்புல கேக்காதீங்க, "அண்ணே, இந்த வருஷம் மறுகால் போச்சா"ன்னு கேளுங்க, மிச்சத்தை அவங்களே சொல்லுவாங்க.

அங்க இருந்து மறுகால் தண்ணி போற ஓடையைப் பிடிச்சு அடுத்த கண்மாய்க்கு நடங்க, இல்ல பைக்ல போங்க. இதுதான் முக்கியமான வேலை, இதை விட்டுட்டா வந்ததே வேஸ்ட். வழியில பாருங்க, கண்மாய்க்குத் தண்ணி கொண்டுவர்ற வரத்துக்கால் எங்க ரோட்டுக்கு அடியில சின்ன குழாயா சுருங்கிப் போயிருக்கு, எங்க பிளாட் போட்டு கல்லு நட்டிருக்காங்க, எங்க சீமைக்கருவேலம் மூடிக்கிச்சு. கண்மாய் தூர்வாரி அழகா கரை உசத்தி வச்சிருப்பாங்க ஆனா தண்ணி வரவேண்டிய கால்வாய் செத்துக் கிடக்கும், இது மாதிரி எத்தனையோ இருக்கு. ஊர்க்காரங்களே சேந்து கண்மாயைப் பராமரிக்கிற பழைய வழக்கத்துக்குக் குடிமராமத்துன்னு பேரு, 2017ல அரசு அதே பேர்லயே திட்டம் கொண்டுவந்து நிறைய வேலை நடந்துச்சு, என்னைக் கேட்டா கண்மாய்க்குள்ள பொக்லைன் விடுறதை விட வரத்துக்காலை முதல்ல சரிபண்ணணும்.

100 ஏக்கருக்கு மேல ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணி பாயுற நிலம், இருந்தா அந்தக் கண்மாய் பொதுப்பணித்துறை வழி வந்த நீர்வளத்துறைகிட்ட இருக்கும், கம்மியா இருந்தா ஊராட்சி ஒன்றியத்துகிட்ட. மடையைத் திறந்து வயலுக்கு வயல் பாய்ச்சுற வேலைக்கு நீர்பாய்ச்சின்னு ஒரு ஆள், ஊருக்கு ஊர் வேற வேற பேர் உண்டு, அறுவடை சமயத்துல களத்துலயே நெல்லா கூலி குடுக்குற வழக்கம். அப்படி ஒரு பெரியவர் கிடைச்சார்னா மத்த எல்லாரையும் விட்டுட்டு அவர் பின்னாடியே போங்க. எந்த வயல் மேடு எது பள்ளம், எந்த மடை எத்தனை நாள் பாயும் எல்லாம் அவர் மனசுல இருக்கும், ஒரு பேப்பர்லயும் இருக்காது.

பெருசு பாக்கணும்னா ராஜசிங்கமங்கலம். "நாரை பறக்காத நாப்பத்தெட்டு மடை"ன்னு சொலவடையே உண்டு, கரை அவ்வளவு நீளம், நாரையே ஒரு மூச்சுல பறந்து கடக்காதாம். பாண்டியர் காலத்துக் கண்மாய்னு சொல்லுவாங்க. அடுத்தது ராமநாதபுரம் பெரிய கண்மாய், வைகைத் தண்ணிக்கு அதுதான் கடைசி வீடு, வழி நெடுக கண்மாய்ங்க குடிச்சது போக வந்து சேர்றதுதான் அதுல நிக்கும், அதுவும் நிறைஞ்சு மிச்சம் இருந்தா ஆற்றங்கரை பக்கம் கடலுக்கு. அதனாலதான் வைகை கடலுக்குப் போகாத ஆறுன்னு பேச்சு. மேற்குல பெரியாறு அணை 1895ல கட்டி கேரளா பக்கம் ஓடுற தண்ணியை வைகைக்குத் திருப்பினாங்க, 1959ல வைகை அணை வந்துச்சு, ஆனா தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடைக்காரங்க இன்னும் வானத்தைத்தான் பாக்குறாங்க.

விவசாயத்தைப் புரிஞ்சுக்கணும்னா ஆவணி புரட்டாசில ஒரு தடவை எட்டிப் பாருங்க. மழைக்கு முன்னாடியே காஞ்ச புழுதில நெல்லை விதைச்சுடுவாங்க, நாத்து நடவெல்லாம் கம்மி. மழை வந்ததும் முளைக்கும், மழை நின்ன பிறகு கதிர் முத்துறதுக்குத்தான் கண்மாய்த் தண்ணி. ஒரே போகம், தை மாசி அறுப்பு. கமுதி முதுகுளத்தூர் பக்கம் கரிசல், அங்க முண்டு மிளகாய், குண்டு குண்டா இருக்கும், 2023ல புவிசார் குறியீடு வாங்குச்சு. அறுப்பு முடிஞ்ச வயல்ல ஆட்டுக்கிடை போட்டிருப்பாங்க, ராத்திரி முழுக்க ஆடு அங்க அடைஞ்சா வயலுக்கு எரு, கிடைபோடுற கீதாரிக்குக் காசோ நெல்லோ. சீமைக்கருவேலத்தைத் திட்டாத ஆளே கிடையாது, ஆனா மழை பொய்ச்ச வருஷம் அதை வெட்டி மூட்டம் போட்டு கரியா வித்துத்தான் நிறைய வீட்ல அடுப்பு எரிஞ்சுச்சு, இதையும் சேத்துத்தான் பாக்கணும். மூட்டம்னா விறகை அடுக்கி வைக்கோல் போட்டு மண்ணால மூடி காத்து ரொம்பப் போகாம நாள் கணக்குல புகைய விடுறது. பக்கத்துல போய் நிக்காதீங்க, கண்ணு எரியும்.

குளிக்கிற தண்ணி, பாயுற தண்ணி வேற, குடிக்கிற தண்ணி வேறன்னு ஊருக்குள்ள ஊருணி தனியா இருக்கும். செட்டிநாட்டுப் பக்கம் போனா செம்புறாங்கல்லுல படிக்கட்டு கட்டின ஊருணிங்க பாக்கவே அம்சமா இருக்கும். செருப்போட இறங்காதீங்க, கால் கழுவாதீங்க, யாரும் போர்டு வச்சிருக்க மாட்டாங்க ஆனா சத்தம் போடுவாங்க.

கரைல அய்யனார் இல்லாத கண்மாய் அபூர்வம். கரை உடையாமக் காக்குறவர் அவர்தான்னு நம்பிக்கை, அதனாலதான் ஊருக்குள்ள இல்லாம கரைமேலயே உக்காந்திருக்கார். புரவி எடுப்பு நடக்குற ஊர்னா கண்டிப்பா பாருங்க. ஊர்ல இருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து மண்பாண்டம் செய்யுற வேளார்கிட்ட குடுப்பாங்க, பிடிமண் குடுக்குறதுன்னு பேரு, அவர் குதிரை செஞ்சு சுட்டு வர்ணம் அடிச்சு வைப்பார், ஊரே தோள்ல தூக்கிட்டுப் போய் கோயில்ல நிறுத்தும். போன வருஷத்துக் குதிரைங்க பக்கத்துலயே கால் உடைஞ்சு கிடக்கும், அதை யாரும் எடுக்க மாட்டாங்க, நீங்களும் தொடாதீங்க. சிங்கம்புணரி சேவுகப்பெருமாள் அய்யனார் கோயில்ல புரவி எடுப்பு பேர் போனது. கண்மாய் மண்ணோட இன்னொரு வேலையைப் பாக்க மானாமதுரைக்குப் போங்க, கச்சேரில வாசிக்கிற கடம் அங்க செய்யுறதுதான் பேர் வாங்கினது, அந்த ஊர் மண்பாண்டத்துக்கும் 2023லயே குறியீடு கிடைச்சுது.

பறவைக்குத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி, 1977ல சரணாலயம் ஆச்சு. கொள்ளுக்குடிப்பட்டி ஜனங்க பறவை மிரளும்னு தீபாவளிக்கு வெடி போடுறதில்ல, பிள்ளைங்களும்தான். ராமநாதபுரம் பக்கம்னா சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், அதுக்கப்புறம் தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை, நாலும் இப்ப உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்ல. முதல் ரெண்டும் 2022ல, மத்த ரெண்டும் 2025ல சேந்துச்சு. கண்மாய் நிறையாத வருஷம் பறவை வராது, அதனால போன் பண்ணி விசாரிச்சுட்டுப் போங்க.

கடைசியா மீன். பெரும்பாலான கண்மாயில மீன்பாசியை, அதாவது மீன் பிடிக்கிற உரிமையை, ஏலம் விட்டுடுவாங்க, அந்த நேரத்துல நீங்க தூண்டில் போட்டா வம்புதான். தண்ணி வத்தினதும் ஒரு நாள் குறிச்சு ஊர் ஊரா சொல்லி விடுவாங்க, அன்னைக்குத்தான் அழிகண்மாய். விடியுறதுக்கு முன்னாடியே கரை முழுக்க கூட்டம், ஊத்தாங்கிற மீன் பிடிக்கிற கூடை, கச்சா, வலை, வேட்டி, கொசுவலைன்னு கைக்குக் கிடைச்சதெல்லாம் இருக்கும். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசுற வரைக்கும் ஒருத்தர் கால் நனைக்க மாட்டாங்க, வீசினாச்சுன்னா ஒரே தாவல். விரால், கெளுத்தி, குரவை, கெண்டை எது மாட்டினாலும் பிடிச்சவங்களுக்குத்தான், அன்னைக்குப் பிடிச்ச மீனை விக்கக்கூடாது, வீட்ல ஆக்கித்தான் சாப்பிடணும்னு நிறைய ஊர்ல கட்டுப்பாடு. நீங்களும் இறங்கலாம், வெளியூர்னு யாரும் தடுக்க மாட்டாங்க, ஆனா சில ஊர்ல ஊத்தாவுக்கு இவ்வளவுன்னு காசு வாங்குவாங்க, முதல்லயே கேட்டுக்கங்க. பேன்ட்டைக் கழட்டி வச்சுட்டு கைலியை ஏத்திக் கட்டிட்டு இறங்குங்க, போனைக் கரைல யார்கிட்டயாவது குடுத்துடுங்க, கெளுத்தி முள்ளு குத்தினா வலி ராத்திரி வரைக்கும் விடாது, அதனால சேத்துக்குள்ள கையை விட்டுத் துழாவுற வேலையைப் பழகினவங்களுக்கு விட்டுடுங்க.