கீறல் விழுந்த சிடியை வீட்டில் சரிசெய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் துணி காய ஒரு வாரம் ஆகும். பீரோவைத் திறந்தால் பூஞ்சை வாடை அடிக்கும். என்னிடம் பழைய சிடிகள் அதிகமாக வருவது அந்த மாதங்களில்தான். ஈரத்துக்குப் பயந்து அலமாரியை ஒழிக்கும்போது கல்யாண சிடி, காதுகுத்து சிடி, தாத்தாவின் அறுபதாம் கல்யாண சிடி என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். போட்டுப் பார்த்தால் ஓடாது. கூடலூர்க்காரர்கள் ஆனி, ஆடியிலேயே வந்துவிடுவார்கள். அவர்களுக்குத் தென்மேற்குப் பருவமழை.

இந்த வருடம் வேலை பழக இரண்டு பையன்கள் வந்திருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள். ஆனால் நான் ஆரம்பத்தில் எந்தெந்தத் தவறுகளைச் செய்தேனோ அதையெல்லாம் வரிசை மாறாமல் செய்கிறார்கள். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். விரல் படாமல் பிடிக்க வேண்டும், வெயிலில் வைக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

பளபளக்கும் பக்கத்தை மட்டும் பார்ப்பது

சிடியைக் கையில் வாங்கியதும் எல்லாரும் திருப்பிப் பார்ப்பது பளபளப்பான அடிப்பக்கத்தை. அங்கே கீறல் இருந்தால் அதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஒரு சிடியின் கனம் 1.2 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி பாலிகார்பனேட் என்ற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக். பதிவு இருக்கும் வெள்ளிப் படலம் அந்தப் பிளாஸ்டிக்கின் மேல், பெயர் எழுதிய பக்கத்தில் இருக்கிறது. படலத்துக்கு மேலே வார்னிஷ் மாதிரி மெல்லிய ஒரு பூச்சு, அதன் மேல் அச்சு மை. அதற்குக் காவல் அவ்வளவுதான். லேசர் கீழேயிருந்து வந்து, பிளாஸ்டிக்கைக் கடந்து, படலத்தில் பட்டுத் திரும்புகிறது. பிளாஸ்டிக்குக்குள் நுழையும் இடத்தில் அந்த ஒளி கிட்டத்தட்ட முக்கால் மில்லிமீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும். உள்ளே போகப் போகத்தான் புள்ளியாகக் குவியும். அதனால் அடிப்பக்கத்தில் இருக்கும் தூசியையும் மெல்லிய கீறலையும் பெரும்பாலும் அது தாண்டிப் போய்விடும். மேல்பக்கத்தில் ஒரு பால்பாயிண்ட் பேனா அழுத்திய தடம் போதும், அந்த இடத்தில் பதிவே போய்விடும்.

எழுதியிருக்கும் பக்கத்தை விளக்குக்குக் காட்டி, அடிப்பக்கத்திலிருந்து பாருங்கள். ஊசி குத்தியது போல வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அங்கே படலம் இல்லை என்று அர்த்தம். அதைத் தேய்த்துச் சரிசெய்ய வழி கிடையாது. புள்ளி எதுவும் இல்லை, கீறல் அடிப்பக்கத்தில்தான் என்றால் நம்பிக்கையோடு வேலையைத் தொடங்கலாம்.

ஸ்டிக்கரை உரிப்பது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

ஒரு காலத்தில் ஸ்டூடியோக்களில் பெண், மாப்பிள்ளை படத்தை வட்ட ஸ்டிக்கரில் பிரிண்ட் எடுத்து சிடியின் மேல் ஒட்டிக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. நம் மலை ஈரத்தில் அந்தத் தாள் சில வருடங்களில் ஓரம் கிளம்பிவிடும்.

2008-ல் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா ஒரு சிடி கொண்டுவந்தார். கணவரின் அறுபதாம் கல்யாணம். அவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. "அவரு பேசுறது இதுல மட்டும்தான் தம்பி இருக்கு" என்றார். டிரைவில் போட்டேன், கடகடவென்று ஆடியது. ஸ்டிக்கர் பாதி கிளம்பி ஒரு பக்கம் மடங்கியிருந்தது. எடை ஒரு பக்கம் சாய்ந்ததால் ஆட்டம் என்று கண்டுபிடித்தேன். அது சரிதான். அடுத்து செய்ததுதான் தவறு. எங்கள் வீட்டில் பாட்டிலில் பசை ஒட்டியிருந்தால் நீலகிரித் தைலம் தடவித்தான் எடுப்போம். அதே நினைப்பில் ஸ்டிக்கரின் ஓரத்தில் இரண்டு சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் ஊறவைத்து, அவசரப்படாமல் இழுத்தேன். ஸ்டிக்கர் அழகாகக் கழன்று வந்தது. கையில் மிஞ்சிய சிடி வழியே எதிரே இருந்த ஜன்னல் தெரிந்தது.

வெள்ளிப் படலம் முழுக்க ஸ்டிக்கரின் பசையோடு வந்துவிட்டது. என்னிடம் இருந்தது வெறும் பிளாஸ்டிக் வட்டம். அந்த அம்மா ஸ்டிக்கரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "திருப்பி ஒட்டினா ஓடுமா தம்பி?" என்று கேட்டார்.

ஓடாது. படலம் ஒரு இழை விலகினாலும் எந்தக் கருவியாலும் படிக்க முடியாது. இதைப் பையன்களிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். போன மாதம் நான் வெளியே போயிருந்தபோது ஒருவன் ஒரு கல்யாண சிடியில் பாதி ஸ்டிக்கரை உரித்து வைத்திருந்தான். "கிளம்பித்தானே இருந்துச்சுண்ணா, மிச்சத்தையும் எடுத்துட்டா நல்லா சுத்தும்னு நெனச்சேன்" என்றான். எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. சிடியில் பதிவு உள்வட்டத்தில் தொடங்கி வெளியே போகும். அவன் உரித்தது வெளி ஓரத்தை. அதனால் பெண் அழைப்பும் நலங்கும் கிடைத்தன. தாலி கட்டும் இடம் வெளி ஓரத்தில் இருந்தது.

ஓரம் கிளம்பியிருந்தால் விரலால் மெல்ல அழுத்தி, மேலே ஒரு தாள் வைத்து, கனமான புத்தகத்தின் அடியில் ஓர் இரவு வையுங்கள். ஒட்டாமல் தொங்கும் துண்டு இருந்தால் அதை இழுக்காமல், தொங்குகிற வரைக்கும் கத்தரியால் நறுக்குங்கள். பிறகு டிரைவின் வேகத்தை 4எக்ஸ், 8எக்ஸ் என்று குறைத்துப் படியுங்கள். வேகம் குறைந்தால் ஆட்டமும் குறையும். தண்ணீரில் நனைக்கவும் கூடாது. தாள் ஊறினால் தானாகவே உரிந்து வரும்.

டிவிடியில் கதை கொஞ்சம் வேறு. அது 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டிச் செய்தது. படலம் நடுவில் இருப்பதால் ஸ்டிக்கரோடு வராது. ஆனால் ஈரத்தில் விரிந்து சுருங்கும் தாள் தகட்டையே லேசாக வளைத்துவிடும். சிடியைவிட டிவிடி அந்த வளைவைக் குறைவாகத்தான் தாங்கும்.

வட்டமாகத் துடைப்பது

பாத்திரம் துலக்குவது போலச் சுற்றிச் சுற்றித் துடைக்கக் கூடாது. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக இழுங்கள்.

சிடியில் பதிவு ஒரே சுருள் கோடாக ஓடுகிறது. 1 மில்லிமீட்டர் அகலத்தில் 600 சுற்றுக்கு மேல் இருக்கும். பிளேயரிலேயே பிழை திருத்தும் ஏற்பாடு உண்டு. கோட்டின் போக்கில் 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரை விடுபட்டாலும் அது கணக்குப் போட்டு நிரப்பிவிடும். குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துளியைத்தான் கெடுக்கும். வட்டமாக விழும் கீறல் ஒரே சுற்றை நீளத்துக்கும் கெடுத்துக்கொண்டே போகும். விசிடியில், அதாவது வீடியோ சிடியில், இன்னும் மோசம். கணினி சிடியில் கூடுதலாக இருக்கும் ஒரு திருத்த அடுக்கு விசிடியின் வீடியோ பகுதியில் கிடையாது. அதனால்தான் படம் சட்டென்று கட்டம் கட்டமாக உடைகிறது.

உலர்ந்த துணியால் துடைப்பது

மணலை வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். ஸ்டிக்கர் இல்லாத டிஸ்க் என்றால் முதலில் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துணி. பூஞ்சைக்கு மட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். மொபைல் ரிப்பேர்க்காரர்களிடம் ஐபிஏ என்று கேட்டால் தெரியும்.

தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர்

வேண்டாம்.

பற்பசையை மருந்தாக நம்புவது

பற்பசை கீறலை நிரப்புவதில்லை. கீறலின் கரைகளைத் தேய்த்துச் சரிவாக்கி, ஒளி சிதறாமல் செய்கிறது, அவ்வளவுதான். அதற்குள் சுற்றியிருக்கும் நல்ல பரப்பும் தேய்கிறது. நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டாத மெல்லிய கீறல் என்றால், வெள்ளைப் பற்பசையை ஈரத் துணியில் எடுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, அந்த இடத்தில் மட்டும் சில நிமிடம் இழுக்கலாம். ஜெல் வகை உதவாது. நகம் மாட்டினால் கையால் தேய்த்து அது போகாது.

ப்ளூ-ரே

தேய்க்கவே தேய்க்காதீர்கள். பதிவு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது.

குளிரில் இருந்ததை உடனே போடுவது

மார்கழியில் ஊட்டியிலிருந்து காலையில் பஸ்ஸில் பையோடு வரும் டிஸ்க்கை, ஹீட்டர் ஓடும் அறையில் எடுத்தால் நொடியில் மூச்சுப்பனி மாதிரி படரும். அப்படியே பிளேயரில் போட்டால் படிக்காது. உடனே "டிஸ்க் போச்சு" என்று பற்பசையை எடுத்துவிடுகிறார்கள். பெட்டியோடு ஒரு மணி நேரம் மேசையில் வையுங்கள். பிளேயரும் சில்லிட்டிருந்தால் அதன் லென்ஸிலும் பனி இருக்கும், அதையும் சேர்த்துக் காத்திருங்கள். சீக்கிரம் காயட்டும் என்று கணப்புப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள், தகடு வளைந்துவிடும்.

காப்பி எடுக்காமல் தேய்ப்பது

அலசித் துடைத்ததும் அடுத்த வேலை காப்பி எடுப்பது. தேய்ப்பது கடைசி. தேய்த்த பிறகு முன்னைவிட மோசமானால் திரும்பிப் போக வழியில்லை. முதலிலேயே காப்பி எடுத்திருந்தால் படித்த வரைக்கும் கையில் இருக்கும்.

காப்பி என்றால் ஃபைலை இழுத்துப் போடுவது இல்லை. ஒரே ஒரு இடம் படிக்காவிட்டாலும் விண்டோஸ் பாதியில் நிறுத்திவிடும். விசிடிக்கு நான் ஐசோபஸ்டர் என்ற மென்பொருள் வைத்திருக்கிறேன். டேட்டா சிடிக்கும் வீட்டில் எழுதிய டிவிடிக்கும் லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள். எது படித்தது, எது படிக்கவில்லை என்று அது ஒரு ஃபைலில் குறித்துக்கொண்டே போகும். நிறுத்திவிட்டு டிஸ்க்கை வேறு டிரைவில் போட்டால் விட்டுப்போன இடங்களை மட்டும் தேடும். ஒரு டிரைவ் திணறும் இடத்தை இன்னொன்று சாதாரணமாகப் படித்துவிடும். அதனால் பழைய கம்ப்யூட்டர்களைக் கழிக்கும்போது டிவிடி டிரைவை மட்டும் கழற்றி எடுத்துவைப்பேன்.

ஆடியில் கூடலூரிலிருந்து ஒரு வளைகாப்பு டிவிடி வந்தது. முதல் டிரைவ் ஏறக்குறைய கால்பங்கைப் படிக்கவில்லை. இரண்டாவதில் கொஞ்சம் வந்தது, மூன்றாவதில் பெரும்பாலும் வந்துவிட்டது. கடைசிவரை படிக்காமல் நின்றது 32 செக்டார். டிஸ்க்கில் பதிவைப் பிரித்து வைத்திருக்கும் சிறு துண்டுதான் செக்டார். டிவிடி 16 செக்டாரை ஒரே கட்டாகத்தான் திருத்தும், ஆக இரண்டு கட்டுகள். பற்பசை எடுக்கவே இல்லை. பந்தி நடக்கும் இடத்தில் அரை நொடி படம் உடையும் என்று சொல்லி, பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.