இரட்டை பேட்டரி லாரியில் பேட்டரி மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத புது பேட்டரி போய்விட்டது என்ற குறையோடு சென்னை மாதவரத்தில் உள்ள எங்கள் பட்டறைக்கு லாரிகள் வருவது வழக்கம். பேட்டரிப் பெட்டியின் மூடியைத் திறந்தால் பளபளக்கும் ஒன்றும், அதன் பக்கத்திலேயே நான்கு வருடம் உழைத்துத் தேய்ந்த ஒன்றும் இருக்கும். எஞ்சினை ஓடவிட்டு இரண்டின் மேலும் கை வைத்தால் புதியது சுடும், அதன் மூடித் துளைகளில் ஆசிட் நெடி வரும். பழையது குளிர்ந்து கிடக்கும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று உரிமையாளர் வருந்துவார். உண்மையில் புதிய பேட்டரியைக் கெடுத்தது பக்கத்தில் இருக்கும் பழைய பேட்டரிதான்.

நம் கனரக லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக, அதாவது ஒன்றின் பிளஸ் மற்றதன் மைனஸ்ஸோடு, இணைந்து 24 வோல்ட் தருகின்றன. ஓட்டத்தில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் சுமார் 28 வோல்ட் கொடுக்க, ஆளுக்கு 14 என்று அது பிரிய வேண்டும். பழையதன் உள்ளே இருக்கும் ஆறு செல்களில் (அறைகளில்) ஒன்று ஷார்ட் ஆகியிருந்தால் அது 12 வோல்ட்டுக்கு மேல் ஏறாது. மிச்சம் 16 வோல்ட்டும் புதியதன் மேல் விழுந்து, அதன் தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தட்டுகளை அரிக்கும். செல் ஷார்ட் ஆகாமல் வெறுமனே தேய்ந்திருந்தாலும், இதே கேடு மெதுவாக நடக்கும். ஆகவே இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள். ஒரே கம்பெனி, ஒரே ஆம்பியர், முடிந்தவரை ஒரே மாதத் தயாரிப்பாக இருக்கட்டும். வாங்கிச் சில மாதங்களே ஆன ஜோடியில் ஒன்று வாரண்டியில் மாறி வந்தால் மட்டும் விதிவிலக்கு உண்டு.

பலர் விட்டுவிடும் இன்னொரு வேலை, பொருத்துவதற்கு முன் இரண்டையும் தனித்தனியாக முழுக்க சார்ஜ் செய்வது. கடையில் வெவ்வேறு காலம் கிடந்த இரண்டை அப்படியே இணைத்தால், புதிய ஜோடியும் ஏற்றத்தாழ்வோடுதான் வாழ்க்கையைத் தொடங்கும். சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் ஆறவிட்டபின் ஒவ்வொன்றும் 12.6 முதல் 12.7 வோல்ட் காட்ட வேண்டும்.

அதற்கும் முன்னால், குற்றம் பேட்டரியுடையதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எண்ணூர், மணலி பக்கம் ஓடும் கண்டெய்னர் லாரிகளில் உப்புக்காற்று, பேட்டரியின் மைனஸ்ஸை வண்டியின் இரும்புச் சட்டமான சேசிஸோடு இணைக்கும் எர்த் கேபிளின் முனையை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடுகிறது. உதவியாளரை செல்ஃப் அடிக்கச் சொல்லி, எஞ்சின் பிளாக்குக்கும் எர்த் ஆன மைனஸ் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு கேபிளில்தான். துறைமுக வரிசையில் பத்தடிக்கு ஒருமுறை செல்ஃப் அடித்து நகரும் வண்டியில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவே நேரம் இருக்காது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க டீசல் பிக்கப் வண்டிகளின் வீடியோவைப் பார்த்து இங்கே வேலை செய்வது ஆபத்தானது. அங்கே இரண்டு பேட்டரிகளையும் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸ்ஸோடு மைனஸ் என்று பக்க இணைப்பில் வைத்து 12 வோல்ட்டே எடுக்கிறார்கள். கழற்றுவதற்கு முன் உங்கள் வண்டியின் இணைப்பைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பிளஸ் முனை எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து அதே அமைப்பில் வாங்குங்கள். கேபிள் எட்டவில்லை என்று பேட்டரியைத் திருப்பி வைத்து முனைகளை மாற்றி மாட்டினால், ஆல்டர்னேட்டரின் டயோடுகள் அந்தக் கணமே கருகும்.

கழற்றும்போது சேசிஸோடு இணைந்த மைனஸ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். பிளஸ்ஸை முதலில் கழற்றினால், ஸ்பேனரின் மறுமுனை சேசிஸில் பட்டதும் பேட்டரியின் மொத்த மின்னோட்டமும் அதன் வழியே பாய்ந்து ஸ்பேனர் சிவந்துவிடும். அப்போதுதான் சார்ஜ் ஏறிய பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு நிற்பதால் ஒரு தீப்பொறி போதும், பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்க. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த வேலைக்குக் குனியாதீர்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 லாரிகளில் சாவியை அணைத்ததும், பேட்டரியைத் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்சைத் தொடாமல் சில நிமிடம் பொறுங்கள். புகையைச் சுத்தப்படுத்தும் யூரியாக் கரைசலான ஆட்புளூவின் குழாயில் மிஞ்சிய திரவத்தை பம்ப் திரும்ப இழுத்துக்கொள்ள அந்த நேரம் தேவை, இல்லாவிட்டால் அது உள்ளேயே படிகமாக உறைந்து அடைத்துக்கொள்ளும்.

தண்ணீருக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் சுத்தமானதுதான் என்று பிடித்து ஊற்றுகிறார்கள். அதில் காயிலின் உலோகமும் தூசியும் கலந்திருக்கும். நம் ஊர் போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பேட்டரியை அசையாமல் பிடிக்கும் க்ளாம்பையும் இறுக்கமாகப் போடுங்கள், ஆடும் பேட்டரியில் தட்டுகள் உதிரும்.

பாட்டுப் பெட்டிக்கும் போன் சார்ஜருக்கும் ஒரே ஒரு பேட்டரியிலிருந்து 12 வோல்ட் இழுப்பது, நான் பார்த்தவரை, நல்ல ஜோடிகளை அதிகம் பிரிக்கும் பழக்கம். அந்தப் பேட்டரி மட்டும் தினமும் காலியாக, மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிறது. 24-இலிருந்து 12-க்கு மாற்றும் கன்வெர்ட்டரைப் பொருத்துங்கள். புது ஜோடி ஒரு வாரம் ஓடியபின், காலையில் செல்ஃப் அடிப்பதற்கு முன் இரண்டையும் தனித்தனியே அளந்து பாருங்கள்; 0.2 வோல்ட் வித்தியாசம் தெரிந்தால் கேபினுக்குள் போகும் வயர்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து, ஒரு பேட்டரியில் மட்டும் ஒட்டியிருக்கும் அந்த வயரைக் கண்டுபிடித்துக் கழற்றுங்கள்.