திருமலையிலிருந்து தம்புள்ளைக்கு: மகளோடும் அப்பாவோடும் ஒரு மெட்ச்

நாங்கள் இருப்பது டொரன்டோவில், ஊர் இலங்கையில் திருமலைக்கு (திருகோணமலைக்கு) பக்கத்து உப்புவெளி. 2024 ஜூலை விடுமுறைக்கு வந்திருந்தபோது, 28ஆம் திகதி தம்புள்ளையில் மகளிர் ஆசியக் கிண்ண கிரிக்கெட் இறுதியாட்டம், இந்தியாவும் இலங்கையும். 9 வயது மகளையும் 74 வயது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனோம். எங்களைப் போல வந்து போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வந்த முதல் வாரத்தில் மெட்ச் வேண்டாம். கோடையில் டொரன்டோ நேரம் நம்மூரைவிட ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். இங்கே பிற்பகல் 3 மணிக்கு முதல் பந்து போடும்போது பிள்ளையின் உடம்புக்கு அது விடிய 5.30. நாங்கள் வந்து பத்தாம் நாள் போனபடியால் மகள் கடைசிவரை விழித்திருந்தாள்.

கந்தளாய், ஹபரணை வழியாகத் தம்புள்ளை 110 கிலோமீற்றர் அளவு. இரண்டரை மணித்தியாலம் போதும், ஆனால் அப்பாவுக்காக இரண்டு இடத்தில் நிற்க வேண்டும். அதனால் காலை 10 மணிக்கே வான் வண்டியில் ஏறினோம். இடியப்பமும் சம்பலும் வாழை இலையில் கட்டி, ஹபரணையில் ஒரு மரத்தடியில் சாப்பிட்டோம். வயதானவர் வந்தால் மத்தியான மாத்திரையை உங்கள் கைப்பையில் வையுங்கள், வண்டியில் விடாதீர்கள். வாசல் சோதனை தாண்டினால் திரும்பி வருவது பெரிய பாடு. கண்ணாடிப் போத்தலும் வேண்டாம். தொப்பி எல்லோருக்கும் கட்டாயம், ஜூலை வெயில் அப்படி.

சாரதியின் நம்பரை மகளின் கையில் பேனாவால் எழுதிவிட்டேன். எங்கள் கனடா போன் அங்கே வேலை செய்யவில்லை, உள்ளூர் சிம் ஒன்றாவது இருக்கட்டும். சின்னப் பிள்ளைகளுக்குக் காதில் வைக்கப் பஞ்சும் வேண்டும். பப்பரே வாத்தியம் (மெட்ச்சில் ரசிகர்களுக்காக வாசிக்கும் எக்காளமும் மேளமும்) பக்கத்தில் தொடங்கினால் பேச்சே கேட்காது.

ஒரு விஷயத்தை வீட்டிலேயே பேசிவிடுங்கள்: பிள்ளை யாருக்குக் கத்தப்போகிறது? என் மகளுக்கு இந்திய அணியின் ஸ்மிருதி மந்தனா என்றால் உயிர். அப்பாவுக்கு இலங்கை அணியின் சமரி அத்தபத்து. முதல் நாள் இரவே அப்பாவிடம் சொல்லிவிட்டேன், "அவள் இந்தியாவுக்குக் கத்துவாள் அப்பா, ஒன்றும் சொல்லாதேங்கோ" என்று. "கத்தட்டும் பிள்ளை, எனக்கென்ன" என்றார். மந்தனா 60 அடித்தபோது சுற்றியிருந்தவர்கள் அமைதியாக இருக்க, இவள் மட்டும் கதிரையில் ஏறி நின்றாள். அப்பா அவள் விழாமல் பிடித்துக்கொண்டார். பிறகு சமரி 61, ஹர்ஷிதா ஆட்டமிழக்காமல் 69. 166 என்ற இலக்கை இலங்கை 8 விக்கெட்டால் எட்டியது. அப்பா எழும்பி நின்று கைதட்ட, அவளும் சேர்ந்து தட்டினாள். தோற்றதற்கு அழுவாளோ என்று பயந்திருந்தேன்.

ஆட்டம் முடிந்ததும் வாசலுக்கு ஓடாதீர்கள். பரிசளிப்பைப் பார்த்துக்கொண்டு இருங்கள், நெரிசல் குறையும். திரும்பும் வழியில்தான் கவனம். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இரவில் யானை றோட்டுக்கு வரும். மெதுவாக ஓடச் சொல்லுங்கள், கண்டால் தூரத்திலேயே நிற்பாட்ட வேண்டும், படம் எடுக்க யாரும் இறங்கக் கூடாது. இருட்டில் ஓடத் தயங்குகிற சாரதி என்றால் ஹபரணையில் அறை எடுத்துத் தங்கிவிடுங்கள். எங்கள் சாரதி அந்தப் பாதையில் பழகியவர். ஊர் வந்து சேர இரவு 10 தாண்டிவிட்டது, காதில் பஞ்சோடு மகள் அப்பாவின் மடியில் நித்திரை.