டெல்டாவிலிருந்து ஆல்ப்ஸ்: தனியாக நடக்கப் போகிறவர்கள் முதலில் பழக வேண்டியது இறக்கம்

மயிலாடுதுறையிலிருந்து நாகப்பட்டினம் வரை சைக்கிளில் போனாலும், பாலங்களைத் தவிர்த்தால் இறங்கித் தள்ள வேண்டிய மேடு ஒன்றுகூட வராது. வரப்பிலும் ஆற்றங்கரையிலும் எத்தனை மைல் நடந்து பழகியிருந்தாலும் அந்தக் கால்களுக்கு இறக்கம் தெரியாது. மலையில் முழங்கால் போவது பெரும்பாலும் இறங்கும்போதுதான்.

முதல் பயணத்துக்குச் சுவிட்சர்லாந்தின் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கைச் சொல்வேன். பனியாறும் (மெல்ல நகரும் பனிக்கட்டிப் பரப்பு) அருவியும் பக்கத்திலேயே இருக்கின்றன, பாதைக் குறிகள் தெளிவானவை, முடியாமல் போனால் இறங்கிவர கேபிள் கார் உண்டு.

1. காலமும் காகிதமும்

ஜூலை முதல் செப்டம்பர் வரை போகலாம். ஜூனில் உயரமான பாதைகளில் பனி கிடக்கும். சுவிட்சர்லாந்து உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதில் மலை மீட்புச் செலவு சேர்ந்திருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். பல பாலிசிகளில் இருக்காது.

2. கால்கள்

இதற்குத்தான் மாதக்கணக்கில் நேரம் வேண்டும். தையில் அறுவடை முடிந்ததும் தொடங்கினால் ஆடிக்குள் தயாராகிவிடலாம்.

ஏறும்போது தொடைத்தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது உடல் எடையைத் தாங்கியபடியே நீள்கிறது. பழகாத தசையில் நுண்ணிய கிழிசல் விழுவது இதனால்தான். வலி அன்றைக்குத் தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். ஆகவே அடுத்தடுத்த நாளில் பயிற்சி வேண்டாம். வாரம் இரண்டு முறை போதும்.

திருச்சிக்குப் போக முடிந்தவர்களுக்கு மலைக்கோட்டை இருக்கிறது. பாறையின் உயரம் சுமார் 83 மீட்டர். லவுட்டர்புருன்னன் ஊர் சுமார் 795 மீட்டரில், மேலே உள்ள மூரன் கிராமம் 1,638 மீட்டரில். கணக்குப் போட்டால் மலைக்கோட்டையைப் பத்து முறை ஏறி இறங்குவதற்குச் சமம். இரண்டு முறையில் தொடங்கி, வாரத்துக்கு ஒன்று கூட்டுங்கள். நடை திறந்தவுடன் போனால் கூட்டமும் வெயிலும் குறைவு.

திருவாரூர், நாகை பக்கத்தில் இருப்பவர்களுக்கு வீட்டு வாசற்படியே போதும். ஒரு சாண் உயரப் படியில் ஒற்றைக் காலில் நின்று, மறு குதிகால் தரையைத் தொடும்வரை மூன்று நொடி எடுத்து மெல்ல இறங்குங்கள். ஒரு காலுக்குப் பத்து வீதம் மூன்று சுற்று. முழங்கால் உள்பக்கம் சாயக்கூடாது. பலரும் தவறுவது இங்கேதான். கண்ணாடி முன் செய்தால் தெரிந்துவிடும். ஒரு மாதம் கழித்து முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசியை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

3. ஷூவும் கோலும்

கோயில் படியில் வெறுங்கால்தான். அதனால் ஷூவைத் தனியாகப் பழக்க வேண்டும். பையோடு கொள்ளிடக் கரையில் நடங்கள். அரை அளவு பெரிதாக வாங்குங்கள். இறக்கத்தில் பாதம் முன்னே சரிந்து விரல் நுனி இடித்தால் நகம் கறுத்துவிடும்.

நடைக்கோல் இரண்டு கட்டாயம். சமதரையில் முழங்கை செங்கோணத்தில் நிற்கும் நீளம். இறங்கும்போது 5 முதல் 10 சென்டிமீட்டர் கூட்டுங்கள். பருத்திச் சட்டை நம் வெயிலுக்கு அருமை, அங்கே ஆகாது. நனைந்தால் காயாது, குளிரை உடம்பில் ஒட்டவைக்கும்.

4. பலகையைப் படிப்பது

மஞ்சள் குறி எளிய பாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளை மலைப்பாதை. வெள்ளை-நீலம்-வெள்ளை பனியாறும் பாறையேற்றமும் வரக்கூடியது. தனியாகப் போகிற புதியவர் அதில் கால் வைக்கக்கூடாது.

பலகையில் கிலோமீட்டருக்குப் பதில் நேரம்தான் இருக்கும், அதில் ஓய்வு சேராது. முதல் நாள் அதை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். கோடையில் பிற்பகல் இடிமழை வரும் என்பதால், மதியத்துக்குள் உயரமான இடத்தைக் கடக்கும்படி புறப்பட வேண்டும்.

5. நடை

முதல் நாள் லவுட்டர்புருன்னனிலிருந்து பள்ளத்தாக்கின் கோடியிலுள்ள ஸ்டெக்கல்பெர்க் ஊர் வரை பள்ளத்தாக்குத் தரையிலேயே நடங்கள். வலப்பக்கம் சுமார் 300 மீட்டர் உயரத்திலிருந்து ஸ்டௌபாக் அருவி விழும். நடுவழியில் ட்ருமல்பாக்: ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் மலைகளின் பனியாற்று நீர் பாறைக்குள்ளேயே பத்து அருவிகளாக இறங்குகிறது, நொடிக்கு 20,000 லிட்டர் வரை.

மறுநாள் மூரனுக்கு ஏறுங்கள். ஏறுவது காலால், இறங்குவது கேபிள் காரில். காசு மிச்சம் பார்த்து இதை மாற்றினால் மூன்றாம் நாள் நடை போய்விடும்.

6. பனியாறும் அதன் தண்ணீரும்

பனியாற்றின் மேல் தனியாக ஏறவே ஏறாதீர்கள். வெடிப்புகளைப் புதுப்பனி மூடியிருக்கும். விழுந்தால் கயிற்றின் மறுமுனையில் ஆள் இருந்தால்தான் மீட்சி. ஓரத்துக் கல்மேட்டில் நின்று பார்ப்பதோடு சரி.

காவிரியில் குளித்த பழக்கத்தில் அந்த ஓடைகளில் இறங்கக்கூடாது. வெயிலில் பனி உருகுவதால் காலையில் கணுக்கால் அளவு ஓடுவது மாலையில் முழங்காலைத் தாண்டும். பாறைத்தூள் கலந்து பால்போல் இருப்பதால் அடியும் தெரியாது. பாலம் இல்லையென்றால் திரும்புங்கள்.

7. தனிமைக்கான ஏற்பாடு

வழியையும் திரும்பும் நேரத்தையும் தங்குமிடத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஸ்விஸ்டோப்போ செயலியில் வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள்; இலவசம், மற்றதைவிட நம்பகமானது. அவசர எண் 112, வான்மீட்புக்கு 1414. சிக்னல் இல்லாவிட்டால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில் அல்லது விளக்கு, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பதிலாக நிமிடத்துக்கு மூன்று முறை வந்தால் பார்த்துவிட்டார்கள்.

பின்சேர்க்கை: சாப்பாடு பற்றிப் பலர் கேட்டதால் இது. இந்தியாவிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களைச் சுவிட்சர்லாந்துக்குள் கொண்டுபோக அனுமதியில்லை. நெய்யும் பால்கோவாவும் அதில் அடங்கும். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, கடலை மிட்டாய் எடுத்துக்கொள்ளலாம். புளிக்காய்ச்சலைச் செக்-இன் பெட்டியில் வையுங்கள், நடைக்கோலோடு சேர்த்து.