சுவரே இல்லாத வாசல்: அலங்கரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதவைத் திறந்தால் நேரே ஹால். அதை ஒட்டிச் சாப்பாட்டு மேஜை, அதற்கும் அப்பால் சமையலறை. நடுவில் ஒரு சுவர்கூடக் கிடையாது. இந்த மாதிரி வீட்டில் வாசல் பகுதியை அலங்கரிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கதவருகே நின்றுதான் யோசிக்கிறார்கள். உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் என்ன படும் என்பதே அவர்கள் கவலை. ஆனால் விருந்தாளி அங்கே நிற்பது அரை நிமிடம். வீட்டில் இருப்பவரோ சோபாவில் உட்கார்ந்து அதே இடத்தை மணிக்கணக்கில் பார்க்கிறார். தனி நடைவழி உள்ள வீட்டில் செருப்புக் குவியல் நடைவழியோடு நின்றுவிடும். இங்கே அது ஹாலின் ஒரு பகுதி. அதனால் எதை வாங்கும் முன்பும் சோபாவில் ஒரு முறை உட்கார்ந்து வாசலைப் பாருங்கள். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி, அப்படிப் பார்க்காததால் வருபவை.

அடுத்தது, வாசல் எங்கே முடிகிறது என்று முடிவு செய்யாமலே பொருள்களை வாங்கிப் போடுவது. சுவர் இல்லாததால் எல்லையும் இல்லை. ஷூ ரேக் மெல்ல ஹாலுக்குள் நகரும், பைகள் சோபா வரைக்கும் வந்துவிடும். தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி எல்லையைக் குறித்துக்கொள்வது எளிது. சாதாரண வாசல் கதவு சுமார் 3 அடி அகலம் என்பதால், அது உள்பக்கம் திறக்கும் வீட்டில் அந்த 3 அடி வட்டத்துக்குள் எதுவும் வரக்கூடாது. அதைத் தாண்டி ஒருவர் குனிந்து செருப்பைக் கழற்ற இடம் வேண்டும். அங்கிருந்து வீட்டுக்குள் போகும் பாதை குறைந்தது 3 அடி. சக்கர நாற்காலி பயன்படுத்துகிறவர் இருந்தால், திரும்புவதற்கு 5 அடி விட்டமுள்ள இடம் தேவை. டேப்பை உடனே எடுத்துவிடாமல் சில நாள் அப்படியே நடந்து பாருங்கள். யாருடைய கால் எங்கே கோட்டைத் தாண்டுகிறது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

இனி தடுப்பு. காசு அதிகம் வீணாவது இதில்தான். வெட்டவெளியாக இருக்கிறதே என்று தரையிலிருந்து கூரைவரை பலகையால் அடைத்துவிடுகிறார்கள். அப்புறம் வாசல் இருட்டாகிறது, ஹாலுக்கு வரும் காற்றும் குறைகிறது. வெளிச்சத்துக்காகவும் விசாலத்துக்காகவும் தேடிப் பிடித்த வீட்டை நாமே திரும்பவும் அறை அறையாக்கினால் என்ன பயன்? சோபாவில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றரை அடி உயரத்தில் இருக்கும். ஆகவே 4 அடி உயரமுள்ள ஓர் அலமாரியே, அதன் பின்னால் தரையில் கிடப்பதை மறைக்கப் போதும். நிற்பவரின் பார்வையும் வெளிச்சமும் அதன் மேலே தாராளமாகப் போய்விடும். உயரமாகத்தான் வேண்டுமென்றால் செங்குத்து மரச்சட்டங்களை இடைவெளி விட்டு நிறுத்தலாம். நேராகப் பார்த்தால் அந்தப் பக்கம் தெரியும். சாய்வாகப் பார்த்தால் சட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மறைத்துவிடும். சோபா எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு இதைச் செய்தால் நன்றாக அமையும்.

அலமாரியையே தடுப்பாக வைக்கும்போது அதன் முதுகை மறந்துவிடக்கூடாது. சுவரோரம் வைப்பதற்காகச் செய்த அலமாரிகளின் பின்பக்கம் பெரும்பாலும் மெல்லிய பலகைதான், பார்க்க நன்றாக இருக்காது. அதை ஹால் பக்கம் திருப்பி வைத்தால் நாள் முழுவதும் அதுதான் கண்ணில் படும். இரண்டு பக்கமும் திறந்த ஷெல்ஃப் என்றால் வேறு தொல்லை: ஒரு பக்கம் அழகாக அடுக்கிய எல்லாவற்றின் பின்புறமும் மறுபக்கம் தெரியும். பாதித் தட்டுகளைக் காலியாக விட மனம் வராதவர்கள் அதை வாங்காமல் இருப்பதே மேல். உயரமான ஷெல்ஃப் எதுவாக இருந்தாலும் தரையோடோ பக்கத்துச் சுவரோடோ ஸ்க்ரூ போட்டு இறுக்கியே ஆகவேண்டும். குழந்தைகள் தட்டில் கால் வைத்து ஏறுவார்கள். சும்மா நிற்கும் ஷெல்ஃப் அவர்கள் மேலேயே சாயும்.

தடுப்பு இல்லாமலும் வாசலைப் பிரித்துக் காட்ட முடியும். அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட், பல வீடுகளில் வாசல் பகுதியின் கூரையை வேண்டுமென்றே தாழ்வாக வைத்தார். அதைக் கடந்து உயரமான ஹாலுக்குள் வரும்போது இடம் சட்டென்று விரிந்தது போலத் தோன்றும். கட்டி முடித்த வீட்டிலும், கூரை உயரம் இடம் கொடுத்தால், வாசலுக்கு மேல் மட்டும் ஃபால்ஸ் சீலிங்கைச் சற்று இறக்கி அதே விளைவைக் கொண்டுவரலாம். ஏற்கெனவே தாழ்வான கூரை என்றால் இதைத் தொடவேண்டாம்.

செருப்பு வைக்கும் இடத்தில் கணக்குத் தப்புவதுதான் பெரிய தவறு. பெரியவர்களின் ஷூ 10 முதல் 12 இன்ச் நீளம் இருக்கும். 9 இன்ச் ஆழமுள்ள தட்டை வாங்கினால் முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், கதவும் மூடாது. இடம் குறைவாக இருந்தால், கதவு முன்பக்கம் சாய்ந்து திறக்கும் வகை நல்லது. அதில் ஷூ நிமிர்ந்து நிற்பதால் 7, 8 இன்ச் ஆழமே போதும். சோபாவைப் பார்த்தபடி திறந்த ரேக் வைக்காதீர்கள். முழுக்க அடைத்த பெட்டியும் சரிவராது, ஈரச் செருப்பு உள்ளே போனால் இரண்டே நாளில் வாசனை ஹாலுக்கு வந்துவிடும். காற்றுப் போக இடைவெளி விட்ட கதவுகள்தான் சரி.

கால்மிதி விஷயத்தில், கதவின் அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளக்காமல் தடிமனான விரிப்பை வாங்குபவர்கள் அதிகம். கதவு அதில் உரசி, ஒவ்வொரு முறையும் சுருட்டிவிடும். அளவும் முக்கியம். ஒரே காலடியில் தூசி போகாது; வருகிறவர் இரண்டு மூன்று காலடி எடுத்துவைக்கும் நீளம் இருந்தால்தான் பயன், எல்லையும் தெளிவாகத் தெரியும். அடியில் வழுக்காத ஷீட் போடுங்கள். வாசலில் மட்டும் டைல்ஸை மாற்றுவதானால் வாசல், ஹால் இரண்டின் தரைகளும் ஒரே மட்டத்தில் சேர வேண்டும். அரை இன்ச் மேடுகூடக் காலைத் தடுக்கும்.

கண்ணாடி மாட்டும் முன், அதில் என்ன தெரியப்போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. திறந்த வீட்டில் அது பாத்திரம் நிறைந்த சிங்க்கையோ ஓடிக்கொண்டிருக்கும் டிவியையோ காட்டக்கூடும். ட்ரில் எடுப்பதற்கு முன் ஒருவரைச் சிறு கண்ணாடி பிடிக்கச் சொல்லி, கதவருகிலிருந்தும் சோபாவிலிருந்தும் பாருங்கள். ஜன்னல் தெரிந்தால் நல்லது.

விளக்கில், வாசலுக்குத் தனி ஸ்விட்ச் இல்லாதது ஒரு குறை. இரவில் தாமதமாக வருகிறவர் ஹால் முழுவதையும் வெளிச்சமாக்க வேண்டியிருக்கும். வாசலில் 6500 கெல்வின் வெள்ளை பல்பு, ஹாலில் 3000 கெல்வின் மஞ்சள் பல்பு என்று போடுவது இன்னொன்று. சுவர் இல்லாததால் இரண்டு நிறமும் அருகருகே தெரிந்து உறுத்தும். தொங்கும் விளக்கின் அடிப்பகுதி தரையிலிருந்து 7 அடிக்குக் குறையக்கூடாது. கதவு திறக்கும் வட்டத்துக்குள் அதைத் தொங்கவிட வேண்டாம்.

வண்ணத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. சுவரின் நடுவில் திடீரென நிறம் மாறினால் வேலை பாதியில் நின்றது போலிருக்கும். மூலையோ தூணோ வருகிற இடத்தில்தான் மாற்ற வேண்டும். ஹாலில் இருக்கும் மரம் அல்லது உலோகம் ஒன்றை வாசலிலும் பயன்படுத்தினாலே போதும்.

சாவி, கடிதம், ஹெல்மெட், குடை, பள்ளிப் பை ஆகியவற்றுக்கு முதலில் இடம் ஒதுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவை நேராகச் சாப்பாட்டு மேஜைக்குத்தான் போகும், தடுக்கச் சுவர் இல்லை பாருங்கள். குழந்தைகளுக்கான கொக்கியை மூன்று, மூன்றரை அடி உயரத்தில் அடியுங்கள். எட்டாத கொக்கி இருந்தால் பை தரையில்தான் கிடக்கும். குறுகிய மேஜை போடுவதானால் 10 முதல் 14 இன்ச் ஆழம் போதும், டிராயர் இருக்கிற மாதிரி பாருங்கள். மேஜை மேல் என்ன வைப்பது என்பதைக் கடைசியில் யோசிக்கலாம். ஒரு மாதம் காலியாக விட்டு, வீட்டில் உள்ளவர்கள் அங்கே எதைக் கொண்டுவந்து போடுகிறார்கள் என்று கவனித்த பிறகு பூச்சாடி வாங்கினால் போதும்.